அம்மாவின் மணிக்கட்டு முறிந்த பின்னர் நான் திருத்திக்கொண்டவை

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் என்னுடன் வசிக்கும் எழுபத்தொரு வயதான அம்மா, சென்ற ஆண்டு குளியலறை வாசலில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே என்பு முறிந்தமையால் வைத்தியர் என்பு அடர்த்தியையும் குருதியையும் பரிசோதிக்கச் செய்தார். என்பு அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் −2.7 ஆக இருந்தது; அது −2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் என்புத்தேய்வு என்பார்கள். விற்றமின் டி ஒரு மில்லிலீற்றருக்கு 11 நானோகிராம் மட்டுமே. 20க்குக் கீழ் குறைபாடாகக் கருதப்படுகிறது.

இவ்வளவு வெயிலடிக்கும் கொழும்பில் இது எப்படி என்று வியந்தேன். அம்மா தினமும் வெயிலில்தான் அமர்ந்திருந்தார், ஆனால் மூடிய கண்ணாடி யன்னலுக்குப் பின்னால். தோலில் விற்றமின் டியை உண்டாக்கும் புற ஊதா பி கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும்.

அடுத்த தவறு என்னுடையது. காலைத் தைரொய்ட் குளிசையுடன் கல்சியத்தையும் சேர்த்தே கொடுத்து வந்தேன். கல்சியம் தைரொய்ட் மருந்தின் உறிஞ்சலைக் குறைப்பதால் இரண்டுக்கும் இடையே நான்கு மணிநேரமாவது வேண்டும் என்பதை மருந்தாளர் சொல்லித்தான் அறிந்தேன். இப்போது தைரொய்ட் விடியலில் வெறும் வயிற்றிலும், கல்சியத்தையும் (கல்சியம் காபனேற்று வகை), கொழுப்பில் கரையும் விற்றமின் டியையும் மதியச் சோற்றுடனும் கொடுக்கிறேன். நெத்தலியை முள்ளோடு பொரிப்பதும் குரக்கன் பிட்டும் வீட்டில் மீண்டும் வழக்கமாகிவிட்டன. பாலை மட்டும் அம்மா இன்னும் தொடுவதில்லை.

மூன்று மாதங்களின் பின்னர் விற்றமின் டி 34 ஆக உயர்ந்திருந்தது. என்புத்தேய்வுக்கு வைத்தியர் தந்த வாராந்தக் குளிசை தொடர்கிறது. குளியலறையில் கைப்பிடியும் பொருத்திவிட்டோம்.