இளம் மட்டையாளர்களும் மூத்த அவுட்ஃபீல்டர்களும்: ஒரு பேஸ்பால் அணியின் பட்டியலைப் படிப்படியாகப் படிக்கும் முறை

பேஸ்பால் அணியொன்றின் வீரர் பட்டியலை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு, ஒரே லெஃப்ட் ஃபீல்டு இடத்துக்கு 23 வயது இளைஞர் ஒருவரும் 34 வயது மூத்தவர் ஒருவரும் வைக்கப்பட்டிருப்பது குழப்பமாகத் தோன்றும். திறமையான இளைஞர் இருக்கும்போது மூத்தவருக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுப்பானேன் என்றும், அனுபவசாலி இருக்கும்போது இளைஞரை அவசரப்பட்டு இறக்குவானேன் என்றும் இரண்டு பக்கமும் கேள்வி எழும். இதை வயதுக் கணக்காகப் பார்த்தால் விடை கிடைக்காது. நாள்காட்டிக் கணக்காகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூத்தவரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இளைஞர் எப்போது தயாராகிறார், அவ்விரண்டுக்கும் நடுவில் எத்தனை ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதே அணி நிர்வாகத்தின் முக்கிய வேலை.

இதைக் கற்றுக்கொள்ள, 2015 முதல் 2017 வரையிலான சிகாகோ கப்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். 2012-ல் 101 ஆட்டங்களில் தோற்ற அந்த அணி, 2016-ல் 103 வெற்றிகளைப் பெற்று, 1908-க்குப் பிறகு முதன்முறையாக, அமெரிக்காவின் உச்ச நிலைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. அணி நிர்வாகத் தலைவர் தியோ எப்ஸ்டீன், பொது மேலாளர் ஜெட் ஹோயர், களப் பயிற்சியாளர் ஜோ மேடன் ஆகிய மூவரும் எடுத்த முடிவுகள் அனைத்தும் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

படி 1: மூன்று இடங்களை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் லெஃப்ட் ஃபீல்டு, சென்டர் ஃபீல்டு, ரைட் ஃபீல்டு என மூன்று பத்திகளை இடுங்கள். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்பவர்களைப் போலத்தான் இங்கே நிற்கும் அவுட்ஃபீல்டர்களும் என்றாலும், மூன்று இடங்களும் ஒரே தகுதியைக் கேட்பதில்லை. சென்டர் ஃபீல்டில் நிற்பவர் இரு பக்கமும் ஓடிப் பிடிக்க வேண்டும் என்பதால் வேகம் மிக அவசியம். ரைட் ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸ் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய தளங்களில் மூன்றாவது) வரை பந்தை எறிய வலுவான கை வேண்டும். லெஃப்ட் ஃபீல்டு ஒப்பீட்டளவில் எளிது. எனவே, மட்டை வீச்சில் சிறந்தும் களத்தடுப்பில் பின்தங்கியும் இருக்கும் இளைஞர்களை அணிகள் பெரும்பாலும் லெஃப்ட் ஃபீல்டில்தான் நிறுத்துகின்றன. கைல் ஷ்வார்பர் அப்படித்தான் அங்கே வந்தார். அணிகள் புதிய இளைஞர்களை முறை வைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2014-ல் நான்காவது வீரராக எடுக்கப்பட்ட அவர், கல்லூரியில் கேட்சராக (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் இருப்பவராக) ஆடியவர்.

வீரர்களுக்கு வயதாகும்போது முதலில் குறைவது பெரும்பாலும் ஓட்ட வேகம்தான். ஆகவே 30 வயதைக் கடந்த சென்டர் ஃபீல்டரின் பெயரைப் பார்த்தால், இவர் எப்போது ஓரத்துக்கு நகர்த்தப்படுவார், அப்போது அந்த ஓரத்தில் யார் இருப்பார் என்றும் சேர்த்தே கேளுங்கள்.

படி 2: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒப்பந்தம் முடியும் ஆண்டை எழுதுங்கள்

2015 டிசம்பரில் கப்ஸ் இரண்டு பெரிய ஒப்பந்தங்களைச் செய்தது. ஜேசன் ஹேவர்டுக்கு 8 ஆண்டுகளுக்கு 18 கோடியே 40 லட்சம் டாலர். 34 வயதான பென் ஜோப்ரிஸ்டுக்கு 4 ஆண்டுகளுக்கு 5 கோடியே 60 லட்சம் டாலர். ஹேவர்டுக்கு அப்போது வயது 26 மட்டுமே. ஆனால் 2010 முதல் மேஜர் லீகில் ஆடி வந்ததால், அணிக் கணக்கில் அவரும் மூத்தவர்தான். மூத்தவர் என்பதை நிர்ணயிப்பது பிறந்த ஆண்டைவிட மேஜர் லீகில் கழித்த ஆண்டுகளே என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்து நடந்ததுதான் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி. ஷ்வார்பர் லெஃப்டில், ஹேவர்டு சென்டரில், கியூபாவிலிருந்து வந்த இளம் வீரர் ஹோர்கே சோலர் ரைட்டில் என்று 2016-க்கான திட்டம் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. முந்தைய ஆண்டு சென்டர் ஃபீல்டில் ஆடிய டெக்ஸ்டர் ஃபவுலர் பால்டிமோர் அணியில் சேரப்போவதாகச் செய்திகளும் வந்துவிட்டன. அந்த நிலையில், 2016 பிப்ரவரி 25 அன்று அரிசோனாவின் மேசாவில் கப்ஸ் பயிற்சி செய்துகொண்டிருந்த மைதானத்துக்குள் ஃபவுலர் எப்ஸ்டீனுடன் நடந்து வந்தபோது, சக வீரர்களே வியந்துபோனார்கள். ஓராண்டுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு அவர் திரும்பியிருந்தார். அதே நாளில் கிறிஸ் காக்லன் என்ற அவுட்ஃபீல்டர் ஓக்லாந்துக்கு அனுப்பப்பட்டார். ஹேவர்டு ரைட்டுக்கு நகர, சோலரும் ஷ்வார்பரும் லெஃப்ட் ஃபீல்டைப் பகிர வேண்டியதாயிற்று.

மேலோட்டமாகப் பார்த்தால் இது இளைஞர்களின் வாய்ப்பைப் பறித்த முடிவு. ஆனால் உங்கள் தாளில் ஆண்டுகளை எழுதிப் பாருங்கள்: ஃபவுலரின் பெயருக்கு எதிரே ஒரே ஓர் ஆண்டுதான் இருக்கிறது. மைனர் லீகில் (இளைஞர்கள் வளரும் கீழ்நிலைப் போட்டிகளில்) இருந்த சென்டர் ஃபீல்டர் ஆல்பர்ட் அல்மோரா முழுமையாகத் தயாராக எவ்வளவு காலம் தேவைப்பட்டதோ, ஏறத்தாழ அவ்வளவு காலத்துக்கே ஃபவுலர் அமர்த்தப்பட்டார். குறுகிய கால ஒப்பந்தத்தில் வரும் மூத்தவர் எந்த இளைஞரின் வழியையும் நீண்ட காலம் அடைப்பதில்லை. இந்த மூன்றாண்டுகளில் கப்ஸ் செய்த ஒப்பந்தங்களில் மிகச் சிறந்தது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

படி 3: சேவைக்காலத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு வீரர் மேஜர் லீக் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய சேவைக்காலத்தில் சேரும். 172 நாள்கள் சேர்ந்தால் அது ஓர் ஆண்டு. பொதுவாக மூன்று ஆண்டுகள் வரை அவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே கிடைக்கும். 2025-ல் அந்தக் குறைந்தபட்சம் 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். மூன்றாண்டு முடிந்ததும் ஊதியத்தை நடுவர் முன் முறையிட்டுப் பெறும் உரிமையும், ஆறாண்டு முடிந்ததும் விருப்பப்பட்ட அணிக்குச் செல்லும் உரிமையும் கிடைக்கின்றன. இளம் மட்டையாளர்களின் ஊதியம் குறைவாக இருக்கும் அந்தச் சில ஆண்டுகளில்தான், மிச்சமாகும் பணத்தைக் கொண்டு அணிகள் மூத்தவர்களை வாங்குகின்றன. இளமையும் அனுபவமும் ஒரே பட்டியலில் சேர்ந்து நிற்பதற்கு இதுவே பொருளாதாரக் காரணம்.

இந்தக் கணக்கில் அநீதியும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் கப்ஸின் இளம் மட்டையாளர் கிறிஸ் பிரையன்ட் 9 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போல எல்லைக்கு வெளியே பறக்கும் அடிகள்) அடித்தார். அப்படியிருந்தும், களத்தடுப்பு மேம்பட வேண்டும் என்று காரணம் கூறி அவரை மைனர் லீகுக்கு அனுப்பிய அணி, ஏப்ரல் 17 அன்றுதான் மேலே அழைத்தது. ஆண்டு முடிவில் அவருடைய கணக்கில் இருந்தவை 171 நாள்கள். முழு ஆண்டுக்கு ஒரு நாள் குறைந்ததால், அணிக்கு அவரிடமிருந்து கூடுதலாக ஓர் ஆண்டு கிடைத்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதையும், அடுத்த ஆண்டு லீகின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வென்ற ஒருவரைத் தயாராகவில்லை என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. வீரர் தரப்பு தொடுத்த முறையீடு 2020-ன் தொடக்கத்தில் நிராகரிக்கப்பட்டது. 2022-ல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம், சிறந்த புதுமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரு இடங்களைப் பெறுபவருக்கு எப்போது அழைக்கப்பட்டாலும் முழு ஆண்டுச் சேவையை வழங்குகிறது. இளைஞரை ஆண்டுத் தொடக்கத்திலேயே இறக்கும் அணிக்குக் கூடுதல் தேர்வு வாய்ப்பு கிடைக்கவும் வழி செய்கிறது. எனவே இன்றைய பட்டியலைப் படிக்கும்போது இந்த விதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: யாரைக் கீழே அனுப்ப முடியும் என்று பாருங்கள்

ஆட்ட நாளுக்கான பட்டியலில் இப்போது 26 பேருக்கு இடம் உண்டு. 2016-ல் 25 பேருக்கே இடம் இருந்தது. அதற்கும் மேலே 40 பேர் கொண்ட விரிந்த பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்த 40 பேரில் இருக்கும் இளைஞர்களை, பொதுவாக மூன்று வெவ்வேறு ஆண்டுகளில், மற்ற அணிகளிடம் இழந்துவிடும் ஆபத்து இல்லாமல் மைனர் லீகுக்கு அனுப்பி மீண்டும் அழைக்கலாம். இதை ஆப்ஷன் என்பார்கள். ஐந்தாண்டுச் சேவை முடித்த மூத்தவரை அவர் சம்மதமின்றி அப்படி அனுப்ப முடியாது. ஆகவே ஏதாவது நெருக்கடி வரும்போது இடம்பெயர்பவர் பெரும்பாலும் இளைஞராகவே இருப்பார்; அதை அவருடைய திறமை மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

2015 ஜூனில் கப்ஸ் அணி, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் மற்றொன்றான அமெரிக்கன் லீக் அணிகளின் மைதானங்களில் சில ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. அங்கே மட்டை மட்டும் வீசும் டி.எச். என்ற இடம் உண்டு. அந்தச் சில நாள்களுக்காக ஷ்வார்பர் அழைக்கப்பட்டு, அவை முடிந்தவுடன், முன்பே அறிவித்தபடி, அயோவா மைனர் லீக் அணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த மாதம் கேட்சர் ஒருவர் காயமடைந்தபோது நிலையாக மேலே வந்து, அந்த ஆண்டு 69 ஆட்டங்களில் 16 ஹோம் ரன்கள் அடித்தார். டி.எச். இடம் 2022 முதல் இரு லீகுகளிலும் இருப்பதால், இளம் மட்டையாளருக்கும் கால் தளர்ந்த மூத்தவருக்கும் இன்று நான்காவது கதவு ஒன்று திறந்திருக்கிறது. உங்கள் தாளில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

படி 5: இரண்டு பத்திகளில் வரும் பெயர்களைக் கோடிட்டு இணையுங்கள்

2016 சீசனின் மூன்றாவது ஆட்டம், ஏப்ரல் 7, பீனிக்ஸ் நகரம். லெஃப்டுக்கும் சென்டருக்கும் இடையே பறந்த பந்தைத் துரத்திய ஷ்வார்பரும் ஃபவுலரும் மோதிக்கொண்டார்கள். ஷ்வார்பரின் முழங்காலில் இரண்டு தசைநார்கள் கிழிந்தன. அவருடைய சீசன் அன்றே முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள்.

அணி தடுமாறாமல் நின்றதற்குக் காரணம், ஒரே பெயர் பல பத்திகளில் எழுதப்பட்டிருந்ததுதான். சோலர் லெஃப்டில் நின்றார். மூன்றாம் பேஸில் ஆடும் பிரையன்டும், இரண்டாம் பேஸில் ஆடும் ஜோப்ரிஸ்டும், ஜூனில் வந்த இளம் கேட்சர் வில்சன் கான்ட்ரேரஸும் தேவைப்பட்டபோது அங்கே சென்றார்கள். பிரையன்ட் இடம் மாறும் நாள்களில் ஹாவியர் பயேஸ் மூன்றாம் பேஸுக்கு வந்தார். வெளியே அனுப்பப்பட்ட காக்லனையே ஜூனில் திரும்ப வாங்கினார்கள். அதே ஜூனில் ஃபவுலர் தொடைத் தசைக் காயத்தால் ஏறத்தாழ ஒரு மாதம் விலகியபோது, அல்மோராவும் ஹேவர்டும் சென்டர் ஃபீல்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஜோப்ரிஸ்டுக்கு நான்காண்டு கொடுத்ததை அவர் வயதைக் காட்டிக் குறை சொல்வது எளிது; ஆனால் இப்படி எங்கும் நிற்கக்கூடிய மூத்தவர் எந்த இளைஞரின் இடத்தையும் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்வதில்லை.

அந்த ஏற்பாடு முழுவதையும் ஒரே இன்னிங்ஸில் காண விரும்பினால், 2016 நவம்பர் 2 இரவு கிளீவ்லேண்டில் நடந்த உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸைப் பாருங்கள். முதல் மட்டையாளராக வந்த ஃபவுலர் ஆட்டத்தை ஹோம் ரன்னோடு தொடங்கியிருந்தார். காயத்திலிருந்து மீண்டு அந்தத் தொடருக்குத் திரும்பியும், பந்து தடுக்க மருத்துவர்கள் அனுமதிக்காததால் டி.எச். ஆக மட்டுமே ஆட முடிந்த ஷ்வார்பர், மழை இடைவேளைக்குப் பின் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸை அடைந்தார். அவருக்குப் பதிலாக ஓட அல்மோரா வந்தார். பிரையன்ட் ஆழமாகத் தூக்கி அடித்த பந்து பிடிக்கப்பட்டதும் அல்மோரா இரண்டாம் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அந்தோனி ரிஸ்ஸோவை வேண்டுமென்றே, அடிக்க வாய்ப்பளிக்காமல் முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அடுத்து வந்த ஜோப்ரிஸ்ட் லெஃப்ட் ஃபீல்டு கோட்டோரமாக அடித்து இரண்டாம் பேஸை எட்டிய டபிளில் அல்மோரா ஓடி வந்து ரன் சேர்த்தார். இறுதிக் கணக்கு 8-7. தொடரின் மதிப்புமிக்க வீரர் ஜோப்ரிஸ்ட்.

படி 6: அடுத்த ஆண்டுக்கான தாளை உடனே எழுதுங்கள்

வென்ற அணி மாறாமல் இருக்கும் என்று எண்ணுவது தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கொள்ளும் தவறான எதிர்பார்ப்பு. ஃபவுலர் 5 ஆண்டுகளுக்கு 8 கோடியே 25 லட்சம் டாலருக்கு செயின்ட் லூயிஸ் சென்றார். கப்ஸ் அதற்கு ஈடாக ஒரு தேர்வு வாய்ப்பைப் பெற்றது. சோலரைக் கன்சாஸ் சிட்டிக்குக் கொடுத்து, ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர் (பந்தெறிபவர்) வேட் டேவிஸை வாங்கினார்கள். சென்டர் ஃபீல்டுக்கு ஜான் ஜே என்ற மூத்தவர் ஓராண்டுக்கு 80 லட்சம் டாலருக்கு வந்தார். அவருடன் அல்மோராவும், மே மாதம் அறிமுகமான இயன் ஹாப்பும் மாறி மாறி ஆடினார்கள்.

சறுக்கலும் இருந்தது. ஃபவுலர் விட்டுச் சென்ற முதல் மட்டையாளர் இடத்தில் ஷ்வார்பரை நிறுத்தினார்கள். அவருடைய மட்டை வீச்சுச் சராசரி (அடிக்கும் முயற்சிகளில் வெற்றிகரமான அடிகளின் விகிதம்) 0.171 ஆக இருந்தபோது, ஜூனில் அயோவாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து அந்த ஆண்டை 30 ஹோம் ரன்களோடு முடித்தார். ஆப்ஷன் என்ற ஏற்பாடு இளைஞருக்கும் உதவக்கூடியது என்பதற்கு இது நல்ல சான்று. ஹேவர்டின் நிலை வேறு. களத்தடுப்பில் தங்கக் கையுறை விருது பெற்றபோதிலும், 2016-ல் அவருடைய சராசரி 0.230 மட்டுமே. எட்டாண்டு ஒப்பந்தம் என்பதால் ரைட் ஃபீல்டு பத்தி நீண்ட காலம் நிரம்பியே இருந்தது; 2022 முடிவில் அவரை விடுவித்தபோதும், கடைசி ஆண்டுக்கான 2 கோடியே 20 லட்சம் டாலர் அணியின் பொறுப்பில் நின்றது.

படி 7: ஜூலை இறுதிக்கு முன் தாளை மீண்டும் எடுங்கள்

வீரர் பரிமாற்றத்துக்கான கெடு ஜூலை இறுதியை ஒட்டி வருகிறது. அப்போது எந்தப் பத்தியில் பெயர்கள் நெரிசலாக இருக்கின்றன, எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். 2017 ஜூலையில் ஷ்வார்பர், அல்மோரா, ஹாப், ஹேவர்டு என்று நான்கு பெயர்கள் பல ஆண்டுகளுக்கு அவுட்ஃபீல்டில் எழுதப்பட்டிருந்தன. தொடக்கப் பிட்சர்களின் வரிசைதான் பலவீனமாக இருந்தது. எனவே, தங்கள் மைனர் லீக் அணிகளில் இருந்த மிகச் சிறந்த இளம் அவுட்ஃபீல்டர் எலோய் ஹிமெனெஸை, டிலன் சீஸ் முதலியோருடன் சேர்த்து, அதே நகரத்தின் ஒயிட் சாக்ஸ் அணிக்குக் கொடுத்து ஹோசே கின்டானாவை வாங்கினார்கள். ஹிமெனெஸ் 2019-ல் தன் முதல் சீசனிலேயே 31 ஹோம் ரன்கள் அடித்தார். சீஸ் முன்னணிப் பிட்சராக வளர்ந்தார். விலை அதிகம்தான் என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். இருந்தாலும் 2017-ஆம் ஆண்டுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, ஹிமெனெஸின் பெயரை எந்தப் பத்தியில், எந்த ஆண்டில், யாருக்குப் பதிலாக எழுதியிருப்பீர்கள் என்று முயன்று பாருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த அணியின் இன்றைய 40 பேர் பட்டியலை எடுத்துப் படி 1-இலிருந்து தொடங்குங்கள்.