கடலோர ஊரில் ஓய்வுக்காலம்: ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? (அட்வான்ஸ் கொடுக்கும் முன் சித்திரையில் ஒரு நடை)

2022 மே மாதம் ஓய்வு பெற்றேன். திருச்சியில் முப்பத்துச் சொச்சம் வருடம் வெயில் காய்ந்தாயிற்று, இனிக் கடல்காற்று என்று நானும் வீட்டம்மாவும் முடிவெடுத்தோம். ஊரைத் தேடி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் வீண். அந்த ஒரு வருடத்தை நீங்கள் மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பதிவு. பென்ஷன் கணக்கு, பட்ஜெட், பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் படி: பட்டியல்

தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் ஓய்வுக்காலமே முடிந்துவிடும். பிடித்த ஊர்கள் ஐந்து எழுதுங்கள், போதும். எங்கள் பட்டியல்: புதுச்சேரி, தரங்கம்பாடி, காரைக்கால், ராமேஸ்வரம், திருச்செந்தூர். எக்ஸெல் எல்லாம் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஊருக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். டீக்கடையில் ஒருவர் பேசும்போது நோட்டை எடுத்தால் இன்னும் நாலு விஷயம் சொல்வார். போனை எடுத்தால் நிறுத்திவிடுவார்.

இரண்டாம் படி: நல்ல காலத்தில் போகாதீர்கள்

தை, மாசியில் எந்தக் கடலோர ஊரும் அழகுதான். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. அந்த மாதங்களில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டவர்கள் ஏராளம், நாங்களும் அப்படித்தான். கிழக்குக் கரையில் ஊரின் நிஜ முகம் ஐப்பசி, கார்த்திகையில் தெரியும். புயல் பெயர்களைச் சொல்லி விசாரியுங்கள். கடலூர்ப் பக்கம் என்றால் 2011 'தானே' புயல், வேதாரண்யம் பக்கம் என்றால் 2018 கஜா, குமரி என்றால் 2017 ஒக்கி. "கஜா வந்தப்ப உங்க தெருவில் கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்தது?" என்று கேட்டால் கிடைக்கும் பதில், எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. வீட்டுச் சுவர்களையும் பாருங்கள். சுண்ணாம்புக்கு மேல் தண்ணீர் நின்ற கோடு இருந்தால், எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை. இரண்டுக்கும் போகாமல் ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்காதீர்கள். கோடை ஏன் என்பதுதான் அடுத்த படி. நான் சறுக்கிய இடமும் அதுதான்.

மூன்றாம் படி: தண்ணீர் (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

2023 ஜனவரி. தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு கிராமம். ஐந்தரை சென்ட் மனை, இரண்டு தென்னை, கூப்பிடு தூரத்தில் கடல். தரகர் பக்கத்து வீட்டு அடிபம்பில் தண்ணீர் அடித்துக் கொடுத்தார். "இளநி மாதிரி இருக்கும் சார்" என்றார். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. நான் பையில் வைத்திருந்த டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும்) பார்த்தால் 640. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கிறது. 640 என்றால் திருப்திதானே. ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு டீக்கடைக்கு வந்தேன்.

கடைக்கார அம்மா நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரே வரிதான் சொன்னார். "ஐயா, சித்திரையில வந்து குடிச்சுப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க."

அரைமனதோடு தள்ளிப்போட்டேன். மே மாதம் போய் அதே பம்பில் அடித்தேன். மீட்டர் 2,900 காட்டியது. வாயில் வைத்தவுடன் துப்பினேன். வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர் தனியாக ஊறிக் கிடப்பதில்லை. கீழே கடலிலிருந்து புகுந்த உப்புத்தண்ணீர், அதன் மேல் மழைத்தண்ணீர் மிதக்கிறது. உப்புத்தண்ணீர் கொஞ்சம் கனம் அதிகம் என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. நிலத்தடி நீர் படித்தவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல தண்ணீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கோடையில் மோட்டார் போட்டு இழுத்து மேல்மட்டம் ஓரடி இறங்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு நாற்பது அடி மேலே ஏறும். ஐப்பசியில் மழை வந்து மறுபடி அழுத்தும். அதனால்தான் ஜனவரித் தண்ணீர் இளநி, மே மாதத் தண்ணீர் கடல். பக்கத்தில் பெரிய பண்ணையோ விடுதியோ இரவு பகலாக இழுத்தால் இன்னும் மோசம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான், விலை கூடினது தேவையில்லை. சித்திரை, வைகாசியில் போங்கள். விற்கும் வீட்டில் மட்டும் பார்க்காதீர்கள். அந்தத் தெருவில் ஐந்து வீட்டில் கேட்டு வாங்கிப் பாருங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், கோடையில் தண்ணீரைப் பற்றிப் பேச எல்லாருக்கும் ஆசை. மீட்டர் இல்லாமலே தெரிந்துகொள்ள வழி உண்டு. வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றால் அந்தத் தெருவில் போர்வெல் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று வீட்டம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எனக்கு வந்ததைவிட அவருக்குச் சரியான பதில்கள் வந்தன.

மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் சொல்லும். கிருமியைச் சொல்லாது, என்ன உப்பு என்றும் சொல்லாது. ஊரை ஏறக்குறைய முடிவு செய்த பிறகு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துக் கட்டணம் கட்டி முழு அறிக்கை வாங்குங்கள்.

"ஆர்.ஓ. போட்டால் போச்சு" என்பார்கள். ஆர்.ஓ. குடிக்கத்தான். குளிக்க, துணி துவைக்க, கீசருக்கு, வாஷிங் மெஷினுக்கு? வீடுகளுக்கு விற்கும் ஆர்.ஓ. பெரும்பாலும் 2000 டி.டி.எஸ். வரைதான் தாங்கும். பாதிக்கு மேல் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். என் யோசனை, போர்வெல்லை மறந்துவிடுங்கள். வேறு இடத்து ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் ஊரைத் தேடுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு எங்கள் காவிரித் தண்ணீர்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் போகிறது. வேதாரண்யம் பக்கம் கொள்ளிடத்துத் தண்ணீர். எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம் விடுகிறார்கள் என்று கேளுங்கள். திட்டம் இருப்பது வேறு, குழாயில் தண்ணீர் வருவது வேறு.

நான்காம் படி: கடல் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

என் கருத்து: கடலோர ஊர் வேண்டும், கடலோர வீடு வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கரையில் யாரிடம் பேசினாலும் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு அங்கே போய் நிற்கும். மாலையில் பத்து நிமிடம் நடந்தோ சைக்கிளிலோ போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

சட்டமும் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி, சுருக்கமாக சி.ஆர்.இசட். 1991-ல் வந்தது, 2011-லும் 2019-லும் மாற்றினார்கள். கடல் ஏறும்போது தண்ணீர் தொடும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதிக்குள் வரும். கிராமப்புறங்களில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடத்துக்குப் பொதுவாக இடமில்லை. 2019 விதியில் மக்கள் நெருக்கமான கிராமங்களுக்கு இது 50 மீட்டராகக் குறைகிறது. பலர் கோட்டைவிடுவது இதில் இல்லை. ஆற்று முகத்துவாரம், உப்பங்கழி என்று அலை ஏறி இறங்கும் நீர்க்கரைக்கும் விதி உண்டு. கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், மனை உப்பங்கழிக் கரையில் இருக்கும். தரகர் "கடல் தூரம் சார்" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அனுமதி கிடைக்காது.

இதற்கு கூகுள் மேப்பைவிட கூகுள் எர்த் நல்லது. கணினியில் போட்டுக்கொள்ளுங்கள், போனில் கண் வலிக்கும். பழைய படங்களை வருடவாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன் கரை எங்கே இருந்தது, இப்போது எங்கே என்று பாருங்கள். துறைமுகம், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) கட்டிய இடத்துக்கு ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் கடல் தின்றிருப்பது கண்ணுக்குத் தெரியும். புதுச்சேரியில் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருப்பதன் கதை இதுதான்.

பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் எல்லாம் வழக்கம்போல. அதைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: ஆஸ்பத்திரி, ரயில்

இரவு பதினொரு மணிக்கு அந்த ஊரில் ஆட்டோ கிடைக்கிறதா என்று நின்று பாருங்கள். இதய மருத்துவர் இரவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று போய்ப் பாருங்கள். மேப் சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். புதுச்சேரிக்கு ஜிப்மர் ஒன்றே போதும், அந்த ஒரு விஷயத்தில் மற்ற ஊர்கள் அதன் கிட்டே நிற்க முடியாது. நாகப்பட்டினத்திலும் ராமநாதபுரத்திலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள்.

தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது, இப்போது இல்லை. பிள்ளைகள் சென்னையில் இருந்தால் ரயில் நிலையம் உள்ள ஊராகப் பாருங்கள். ஒரே பாலத்தை நம்பிய ஊரா என்பதும் முக்கியம். ராமேஸ்வரத்துக்குப் பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் ரயில் தீவுக்குள் வரவில்லை. ராமேஸ்வரம் எங்கள் பட்டியலில் இருந்து விழுந்தது ரயில் நின்ற அந்தச் சமயத்தில்தான்.

ஆறாம் படி: ஒரு வருடம் வாடகை

2024 ஜூனில் காரைக்காலில் வாடகைக்கு வந்தோம். ரயில் இருக்கிறது, கடற்கரைக்கு அரசலாற்றங்கரை வழியாக நடந்து போகலாம், மீன் கிடைக்கிறது. (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விலையை அப்போது விசாரித்து ஊரை எடை போடாதீர்கள்.) சனிக்கிழமை திருநள்ளாறு போகும் கூட்டம்தான் கொஞ்சம் தொந்தரவு. அந்த நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைத் தொடும் முன்பே டெல்டாவில் மழை கொட்டியது. வாடகை வீடு என்பதால் மாடியில் உட்கார்ந்து நிம்மதியாகத் தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்தேன். எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்று அன்றைக்கு நோட்டில் வரைந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வாடகைக்கு இருந்தால் துருவும் புரியும். திருச்சியில் பத்து வருடம் உழைத்த என் சைக்கிள் செயின் இங்கே ஆறு மாதத்தில் இறுகிவிட்டது. ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த பக்கம் மாட்டாதீர்கள். ஜன்னலுக்கு இரும்பு கிரில்லைவிட யு.பி.வி.சி. அல்லது அலுமினியம் நல்லது, துரு பிடிக்காது. வீடு கட்டுபவர்களுக்கு ஒன்று. கடல்காற்று நேராக அடிக்கும் இடத்தில் எம்-30 தரக் கான்கிரீட், கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மில்லிமீட்டர் என்கிறது இந்தியத் தர விதி. கொத்தனார் "ஒரு இஞ்ச் போதும் சார்" என்பார். விடாதீர்கள். உப்பேறிய போர் தண்ணீரில் கலவை போடவும் விடாதீர்கள், கம்பி உள்ளேயே அரித்துவிடும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர், காரைக்கால் மனைக்குத் தமிழ்நாடு பதிவுத்துறை இணையத்தில் வில்லங்கம் தேடித் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். என் தவறுதான், நான் சொல்லியிருக்க வேண்டும். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பதிவு அலுவலகம் வேறு, குடும்ப அட்டை வேறு, அரசே வேறு. குடி மாறினால் தமிழ்நாட்டு முதல்வர் மருத்துவக் காப்பீடு மாதிரி குடும்ப அட்டையை நம்பிய திட்டங்களை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் விலை குறைவு என்று சந்தோஷப்படுவது அப்புறம்.

பின்சேர்க்கை 2: குளச்சல் பக்கம் தேடும் அன்பர் மழைக்காலத்தில் எப்போது வருவது என்று கேட்டார். அது மேற்குக் கரை, கணக்கே மாறும். அங்கே கடல் சீறுவது ஆனி, ஆடியில், கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும்போது. ஜூன், ஜூலையில் போய் அலை எந்த வீட்டுச் சுவரைத் தொடுகிறது என்று பாருங்கள். விசைப்படகுத் தடைக்காலமும் அந்தக் கரையில் ஜூன், ஜூலைதான்.

பின்சேர்க்கை 3: மனை வாங்கிவிட்டீர்களா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. ஊருக்கு மேற்கே ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறோம். ஜனவரியில் 580 காட்டியது. வருகிற சித்திரைக்கு மீட்டருக்குப் புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.