வீட்டு சாக்கெட்டில் மின்சார கார் சார்ஜ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சார காரோடு வரும் கேபிளின் ஒரு முனையில் சாதாரண வீட்டு பிளக் இருக்கும், மறுமுனையில் காரில் செருகும் கன் இருக்கும், நடுவில் ஒரு பெட்டி தொங்கும். ஐஇசி 61851 என்ற சர்வதேசத் தரம் இப்படிச் சார்ஜ் செய்வதை ‘மோட் 2’ என்று வகைப்படுத்துகிறது. முறைப்படி ஏற்கப்பட்ட வழிதான். தினசரி ஓட்டம் மிதமாக இருக்கும் பலருக்கு இதுவே போதும். ஆனால் இதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் காரிலோ பேட்டரியிலோ நடப்பதில்லை. சுவருக்குள்ளும் சாக்கெட்டுக்குள்ளும் நடக்கின்றன. அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

அடிப்படையாக ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சாக்கெட்டில் 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, கார் 15 ஆம்பியர்தானே இழுக்கிறது, அப்புறம் என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் அதிக கரண்ட் இழுக்கும் மற்ற சாமான்களைப் பாருங்கள். கெட்டில் சில நிமிடங்களில் அணைந்துவிடும். அயர்ன் பாக்ஸும் வாட்டர் ஹீட்டரும் சூடு ஏறியதும் தாமாக நின்று, மறுபடி எரியும். இடையில் சாக்கெட் ஆறிக்கொள்ளும். கார் அப்படியில்லை. ஒரே அளவு கரண்டை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். வீட்டில் வேறு எதுவும் ஒரு சாக்கெட்டை இப்படிச் சோதிப்பதில்லை. அமெரிக்காவின் மின்விதிகள் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஓடும் சுமையைத் தொடர் சுமை என்று தனியாகப் பிரித்து, சர்க்யூட்டின் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. அங்கே 15 ஆம்பியர் சர்க்யூட்டில் கார் 12 ஆம்பியர் மட்டும் எடுப்பது அதனால்தான். பிரிட்டனின் 13 ஆம்பியர் பிளக்கோடு வரும் கேபிள்களும் பெரும்பாலும் 10 ஆம்பியரில் நிறுத்திக்கொள்கின்றன. ஆக, சாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணை முழுவதுமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதே முதல் தவறு.

சாக்கெட்டைப் பார்க்காமலே மாட்டுவது

பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிப்பும் தொடும் இடத்தில் கொஞ்சம் மின்தடை எப்போதும் இருக்கும். புதிய, இறுக்கமான சாக்கெட்டில் அது பொருட்படுத்த வேண்டாத அளவு. பழசாகி, பிடிப்பு தளர்ந்து, களிம்பு ஏறினால் கூடும். 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம், கேட்பதற்கு ஒன்றுமில்லாத எண். அதன் வழியே 16 ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். ஈயத்தை உருக்கும் சிறிய சோல்டரிங் அயர்னின் அளவு அது. அப்படி ஒன்றை இரவு முழுக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் சாக்கெட்டுக்கும் ஆகும். சூடு ஏற ஏறப் பிடிப்பின் ஸ்பிரிங் தன்மை போகும், தடை இன்னும் கூடும், சூடும் கூடும்.

இதில் கொடுமை என்னவென்றால், எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக அணைந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. எம்சிபி பார்ப்பது கரண்டின் அளவை, சூட்டை அல்ல. சாக்கெட் கருகிக்கொண்டிருந்தாலும் கரண்ட் 16 ஆம்பியருக்குள் இருந்தால் அதைப் பொறுத்தவரை எல்லாம் சரி. கேபிள் நடுவில் இருக்கும் பெட்டியும் காப்பாற்றாது. அது கவனிப்பது தனக்குப் பிறகு கார் வரைக்கும் உள்ள பகுதியை. சுவரிலிருந்து தனக்கு வரும் வழியில் எங்கே சூடேறுகிறது என்பது அதற்குத் தெரியாது. சில நல்ல கேபிள்களில் பிளக்குக்குள்ளேயே வெப்ப உணரி வைத்திருப்பார்கள், சூடு ஏறினால் கரண்ட்டைக் குறைக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே முதல் முறை சார்ஜ் போடும்போது தூங்கப் போகாதீர்கள். பகலில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் பக்கத்தையும் சாக்கெட்டின் முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, சாக்கெட் துளையைச் சுற்றி பழுப்பேறியிருந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்ற வேண்டும். மாற்றும்போது பின்னால் ஒயரை முறுக்கியிருக்கும் ஸ்க்ரூவையும் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் சூடாகி ஆறுவதால் அது மெல்லத் தளரும். பழைய வீடுகளில் அலுமினிய ஒயர் இருந்தால் இந்தத் தளர்ச்சி இன்னும் சீக்கிரம் வரும். ஒரு முறை தொட்டுப் பார்த்ததோடு விட்டுவிடாமல் சில வாரங்களுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

தொடாமலே பார்க்க ஒரு வழியும் உண்டு. பல கார்கள் சார்ஜ் ஆகும்போது திரையிலோ ஆப்பிலோ வோல்டேஜைக் காட்டும். சார்ஜ் தொடங்கும் முன் 235 வோல்ட் இருந்து, 10 ஆம்பியர் இழுக்கத் தொடங்கியதும் 220-க்கு இறங்கினால், 15 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. 15-ஐ 10-ஆல் பெருக்கினால் 150 வாட். அதில் ஒரு பங்கு தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் லைனிலேயே போயிருக்கலாம். மீதி உங்கள் வீட்டு ஒயரிலும் மூட்டுகளிலும் வெப்பமாகிறது. இந்த இறக்கத்தைக் கண்டதும் தானாகவே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும் கார்களும் இருக்கின்றன. கார் மெதுவாகச் சார்ஜ் ஆகிறதே என்று எரிச்சல்படுவதற்கு முன், அது எதையாவது சொல்ல வருகிறதா என்று பார்க்கலாம்.

எக்ஸ்டென்ஷன்

கேபிள் எட்டவில்லை என்றால் கை முதலில் போவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத்தான். கார் நிறுவனங்களின் கையேடுகள் பொதுவாக இதை வேண்டாம் என்றே சொல்கின்றன, காரணத்தோடு. ஒரு பிளக் இணைப்பு இருந்த இடத்தில் இரண்டாகிறது, அதாவது சூடேறும் புள்ளிகளும் இரண்டாகின்றன. கூடவே ஒயரின் கனம். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் 20 மீட்டர் என்றால், போய் வரும் இரண்டு கம்பிகளும் சேர்ந்து சுமார் அரை ஓம் தடை. 10 ஆம்பியரில் 50 வாட் வெப்பம், 16 ஆம்பியரில் 130 வாட் அளவுக்கு. தரையில் நீட்டிப் போட்டிருந்தால் அது காற்றில் கலைந்துவிடும். சுருளாகவே விட்டுவிட்டால் எல்லா வெப்பமும் சுருளின் நடுவில் சேர்ந்து, உறை இளகி, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். ரீல் வகை எக்ஸ்டென்ஷன்களில் முழுக்க விரித்தால் இத்தனை வாட், சுற்றிய நிலையில் இத்தனை வாட் என்று இரண்டு எண்கள் போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாவது எண் மிகச் சிறியதாக இருக்கும்.

பெரிய முள்ளை சின்ன சாக்கெட்டில் மாட்டும் கன்வெர்ட்டர், மூன்று நான்கு துளை கொண்ட மல்டிபிளக், மலிவான டைமர் ஆகியவையும் இதே ரகம்தான். டைமரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இரவு மின்கட்டணம் குறைவாக இருக்கும் இடங்களில் சாக்கெட் டைமர் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. பல கார்களில் இது தேவையே இல்லை. சார்ஜ் தொடங்கும் நேரத்தைக் காரிலேயே குறித்து வைக்கலாம்.

நடுப் பெட்டியை அந்தரத்தில் தொங்கவிடுவதும் தவறு. அதன் எடை பிளக்கைக் கீழ்நோக்கி இழுக்கும், முள் சாய்ந்து ஒரு ஓரத்தில் மட்டும் தொடும். சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டிவிட்டால் தீர்ந்தது.

எம்சிபி விழுந்தால் பெரிய எம்சிபி

எல்லாவற்றிலும் ஆபத்தானதாக நான் நினைப்பது இதைத்தான். கார் போட்டிருக்கும் சர்க்யூட்டிலேயே வாஷிங் மெஷினோ மோட்டாரோ ஓடும். எம்சிபி விழும். ஒன்றிரண்டு முறை பொறுத்துப் பார்த்துவிட்டு, 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றி 25 அல்லது 32 போட்டுவிடுவார்கள். பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். எம்சிபி அங்கே இருப்பது காருக்காக அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயருக்காக. ஒயர் தாங்கும் அளவைவிடப் பெரிய எம்சிபி போட்டால், அடுத்த தடவை விழப் போவது எம்சிபி அல்ல. ஒயரின் பிவிசி உறை வழக்கமாக 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும்படி செய்யப்படுகிறது. அதைத் தாண்டித் தொடர்ந்து சூடானால் மெல்ல இறுகி, வெடித்து உதிரும். சுவருக்குள் நடப்பதால் யாருக்கும் தெரியாது. எம்சிபி விழுந்தால் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

எர்த்தை ஏமாற்றுவது

காரை மாட்டியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஆக மறுத்தால், பெரும்பாலும் அது எர்த் இல்லை என்கிறது. பல பெட்டிகள் எர்த்தைச் சோதித்த பிறகே கரண்ட் விடும். அந்த இடத்தில் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் பச்சை விளக்கு எரியும் என்று ‘யோசனை’ சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். காரின் உலோக உடல் எர்த் கம்பியோடு இணைந்திருக்கிறது. அந்தச் சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், முழு வோல்டேஜும் அந்தத் துண்டு ஒயர் வழியாகக் காரின் உடலுக்கு வந்துவிடும். ரப்பர் டயரில் நிற்கும் காரைத் தரையில் நிற்கும் ஒருவர் தொட்டால் கரண்ட் அவர் வழியாகத்தான் இறங்கும். ஜெனரேட்டரிலோ வீட்டு இன்வெர்ட்டரிலோ மாட்டும்போது பெட்டி மறுப்பதும் பல நேரங்களில் இதே காரணத்தால்தான். இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்காது என்பது தனிக் கதை.

எர்த் சரியாக இருந்தாலும் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும், 30 மில்லி ஆம்பியர் அளவில். அதிலும் வகை உண்டு. பழைய ‘ஏசி’ வகை மாற்று மின்னோட்டக் கசிவை மட்டுமே உணரும். காரிலிருந்து நேர் மின்னோட்டம் கசிந்தால் அது மந்தமாகி, உண்மையான கசிவு வரும்போது விழாமல் போகலாம். ‘ஏ’ வகை 6 மில்லி ஆம்பியர் வரை நேர் மின்னோட்டத்தைத் தாங்கிக்கொண்டு வேலை செய்யும். குறைந்தது அதைப் போடச் சொல்லுங்கள்.

மாட்டுவது, கழற்றுவது, மழை

முதலில் சுவரில் மாட்டி, பிறகு காரில். கழற்றும்போது காரில் சார்ஜை நிறுத்தி, கன்னை எடுத்த பிறகே சுவர் பிளக். சார்ஜ் ஓடும்போது சுவர் பிளக்கை உருவினால் முள்ளுக்கும் பிடிப்புக்கும் இடையே பொறி பறக்கும், ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் கருகும். மேலே சொன்ன தளர்ந்த, களிம்பேறிய சாக்கெட்டை நாமே தயாரிக்கிற வேலை அது.

கன்னும் கார் துளையும் மழையைத் தாங்கும்படி செய்தவை. வீட்டு சாக்கெட் அப்படியல்ல. வெளியே இருந்தால், பிளக் மாட்டிய நிலையிலேயே மூடும் உறையுள்ள சாக்கெட் வேண்டும். பெட்டியைத் தண்ணீர் தேங்கும் தரையில் வைக்கக் கூடாது, வெயிலில் காய விட்டாலும் சூட்டில் அது தானே நின்றுகொள்ளும்.

கணக்குப் போடாமல் அவசரப்படுவது

230 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். 60 கிலோவாட் மணி பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்ற 36 யூனிட் வேண்டும். வழியில் போகும் இழப்பையும் சேர்த்தால் 18 மணி நேரம் பிடிக்கும். இந்த எண்ணைப் பார்த்து மிரண்டுதான் பலர் ஆம்பியரைக் கூட்டுகிறார்கள். ஆனால் தினமும் யார் 36 யூனிட் செலவழிக்கிறார்கள்? ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால், 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்ற கணக்கில் 6 யூனிட்தான். மூன்று மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். பேட்டரி அடிமட்டம் வரும்வரை காத்திருந்து ஒரே மூச்சில் ஏற்றுவதைவிட, தினமும் கொஞ்சம் ஏற்றுவது பேட்டரிக்கும் நல்லது, சாக்கெட்டுக்கும் நல்லது. மெதுவாகச் சார்ஜ் செய்தால் பேட்டரி கெடும் என்பதில் உண்மை இல்லை. தினமும் 100 வரை ஏற்ற வேண்டியதும் இல்லை. நிக்கல் கலந்த பேட்டரிகளுக்கு 80 போதும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகைக்கு மட்டும் அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்வார்கள், கையேட்டைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பயத்தில் எப்போதும் 6 ஆம்பியரிலேயே வைப்பது. சார்ஜ் ஆகும்போது காரின் கம்ப்யூட்டரும் பம்புகளும் விழித்திருக்கும், அவற்றுக்கே சில நூறு வாட் போகும். வருவது 1.4 கிலோவாட்தான் என்றால் அதில் கணிசமான பங்கு வீணாகிறது. கடுங்குளிரில் பேட்டரியைச் சூடாக்கவே மொத்தமும் செலவாகிவிடலாம். சாக்கெட் நன்றாக இருந்தால் 8 அல்லது 10 ஆம்பியர் நல்ல இடைநிலை. 16-லிருந்து 8-க்கு இறங்கினால் நேரம் இரட்டிப்பாகும், ஆனால் மூட்டில் உண்டாகும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகும்.

மூன்று மணி நேரம் போதாமல் தினமும் பத்து மணி நேரம் தேவைப்படுகிறது என்றால், சாக்கெட்டை விட்டுவிட்டு சுவரில் நிரந்தரமாகப் பொருத்தும் சார்ஜருக்குப் போவதே சரி. அதில் வீட்டுப் பக்கம் பிளக்கே கிடையாது, ஒயர் நேராக ஸ்க்ரூவில் இறுகியிருக்கும். அதற்காக இழுக்கும் தனி லைனை இப்போதே இழுத்துவிட்டு, தற்காலிகமாக அதன் முனையில் நல்ல தொழில்தர சாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஒயர் 4 அல்லது 6 ஸ்கொயர் எம்எம் போடச் சொல்லுங்கள். அந்த லைனில் வேறு எந்தப் பாயின்ட்டும் எடுக்கக் கூடாது.