பனியன் கம்பெனியிலிருந்து அட்டைப்பெட்டிக்கு: வேலை மாறும்போது நான் பார்த்துக்கொண்டதும் கோட்டை விட்டதும்

பெருந்துறை சிப்காட்டில் ஒரு அட்டைப்பெட்டி ஆலை. நேர்காணல் நன்றாகத்தான் போனது. எழுந்திருக்கும் நேரத்தில் எச்.ஆர். பெண் கேட்டார்.

"இப்ப எவ்வளவு வாங்கறீங்க சார்?"

"42,000 மேடம்."

"சரிங்க சார். கடைசி மூணு மாச பேஸ்லிப், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் மெயில் பண்ணிடுங்க."

ஏசி அறையில் எனக்கு வியர்த்தது. பேங்கில் வருவது 24,000. மீதி 18,000 கவரில் வரும், வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன். திருப்பூரில் ஸ்டாஃப் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கவரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

நான் 14 வருஷம் மெர்ச்சண்டைசராக, அதாவது துணி வாங்கும் பையரின் ஆர்டரை நூலிலிருந்து கப்பல் வரை நடத்திக்கொடுப்பவனாக, இருந்தவன். 2011-ல், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு ஊரே தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் முதல் வேலை. மூன்றாவது கம்பெனியில் இருந்தபோது, 2025 ஆகஸ்ட் 27-லிருந்து இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்றது அமெரிக்கா. எங்கள் பையர் அமெரிக்கக்காரர். சாம்பிள் ஓகே ஆகி நூல் வாங்கும் நிலையில் இருந்த ஸ்டைல்கள்கூட அப்படியே நின்றன. 39 வயதில் வேறு தொழிலைத் தேட ஆரம்பித்தேன்.

எங்கே தேடுவது என்பதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்து, கடந்த ஒரு வருஷத்தில் என்னை அடிக்கடி அழைத்தவர்கள் யார் என்று பார்த்தேன். பையர், டையிங், பிரிண்டிங், லேபிள்காரர், பாலிபேக் சப்ளையர், கார்ட்டன் சப்ளையர், ஷிப்பிங் ஏஜென்ட். பனியன் கம்பெனிகளை விட்டுவிட்டால், என் வேலையின் அருமை தெரிந்தவர்கள் இவர்கள்தான். ஒரு மழைக்காலத்தில் கன்டெய்னரில் அடிவரிசைப் பெட்டிகள் நசுங்கி, அதற்காக மூன்று நாள் கார்ட்டன் ஆலையிலேயே உட்கார்ந்து பெட்டியின் அட்டை 5 பிளையா 7 பிளையா (எத்தனை அடுக்கு) என்று சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டையில் எதிரில் உட்கார்ந்திருந்த மார்க்கெட்டிங் அண்ணனையே அழைத்தேன். "நம்ம லைனுக்கு வர்றீங்களா? கார்மென்ட்ஸ்காரன் எப்ப என்ன கேப்பான்னு தெரிஞ்ச ஆளு எங்ககிட்ட இல்லீங்க தம்பி" என்றார். பெருந்துறைக்கு வழி அவர் காட்டியது. நீங்களும் உங்கள் வேலைக்குச் சரக்கு கொடுப்பவர்கள், உங்களிடமிருந்து வாங்குபவர்கள் பட்டியலை எழுதிப் பாருங்கள். தொழில் மாறினாலும் அங்கே நீங்கள் அனுபவம் உள்ள ஆள்.

நௌக்ரி இணையதளத்தில் பதிவதும் தப்பில்லை. அரசின் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம் இருக்கிறது, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பைசா கிடையாது. நான் போன முகாமில் ஆபரேட்டர், டெலிகாலர் வேலைகளே அதிகம். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு நல்லது. சேர்த்துவிடுகிறேன், முதலில் 5,000 கட்டு என்று கேட்கும் கன்சல்டன்சி பக்கம் மட்டும் போகாதீர்கள். முறையாக ஆள் எடுத்துக் கொடுப்பவர்கள் கம்பெனியிடம் கட்டணம் வாங்குகிறார்கள்.

பயோடேட்டாவில் முதலில் "ஃபாலோ அப், கோஆர்டினேஷன், டாக்குமென்டேஷன்" என்று எழுதியிருந்தேன். கார்ட்டன் அண்ணன் படித்துவிட்டு, "இது எல்லாரும் எழுதறதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு இப்படி மாற்றினேன்: "ஒரே நேரத்தில் 22 ஸ்டைல், 4 தையல் யூனிட். நூல் வாங்குவது முதல் கப்பல் தேதி வரை 90 நாள் அட்டவணையை நான் போட்டு நடத்தினேன். கடைசி இரண்டு வருஷத்தில் என் ஆர்டர் எதுவும் விமானத்தில் போகவில்லை." தாமதமான சரக்கை விமானத்தில் அனுப்பினால் லாபம் மொத்தமும் சரக்குக் கட்டணத்தில் போய்விடும் என்பது பெட்டி செய்கிறவருக்கும் தெரியும். நேர்காணலில் பாதி நேரம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசினார்கள்.

சரி, கவர் விஷயம். நண்பன் ஒருவன், "பேஸ்லிப் நாமளே அடிச்சுக்கலாம்டா, எக்செல்ல அஞ்சு நிமிஷம்" என்றான். செய்யாதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்டும் பிஎஃப் பாஸ்புக்கும் உங்கள் பேஸ்லிப்போடு ஒத்துப்போகாவிட்டால் வேலை அங்கேயே போய்விடும், சேர்ந்த பிறகு தெரிந்தாலும் போய்விடும். நான் மறுநாள் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்: "பேங்கில் 24,000, வவுச்சரில் 18,000. வவுச்சருக்கு என்னிடம் காகிதம் இல்லை. 24,000-த்துக்கு மேல் 30 சதவீதம் என்று கணக்குப் போட்டால் நான் இப்போது வாங்குவதைவிடக் குறையும். இந்தப் பொறுப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் சம்பளம் என்ன என்று சொன்னால் அதிலிருந்து பேசலாம்." எச்.ஆர். கொஞ்சம் யோசித்தார். அவர்களும் திருப்பூருக்குப் பெட்டி விற்பவர்கள்தானே, ஊர் வழக்கம் தெரிந்திருந்தது. 46,000-த்தில் முடிந்தது, முழுதும் பேங்கில்.

அந்த 46,000 சிடிசியா, கைக்கு வருவதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிடிசி என்றால் உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கும் அதற்குள் இருக்கும், சில இடங்களில் கிராஜுவிட்டிக்கு (ஐந்து வருஷம் வேலை பார்த்தவர் விலகும்போது கம்பெனி தரும் தொகை) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதத்தையும் உள்ளே சேர்த்துக் காட்டுவார்கள்.

ராஜினாமாவில் நான் சொதப்பினேன். முதலாளியிடம் நேரில் சொன்னேன். "சீசன் முடியட்டுங்க தம்பி, பாத்துக்கலாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் நான் சொன்னதாகவே யாருக்கும் நினைவில்லை. அப்புறம்தான் மெயில் போட்டேன், நோட்டீஸ் காலம் அன்றிலிருந்து எண்ணப்பட்டது. மெயிலில் இரண்டே விஷயம் போதும்: இன்று ராஜினாமா செய்கிறேன், இன்ன தேதி என் கடைசி வேலை நாள். காரணம், கண்ணீர், நன்றி எல்லாம் நேரில். கிளம்பும்போது ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். எங்கள் ஊரில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே தராத கம்பெனிகள் உண்டு. அப்படியானால் பிஎஃப் பாஸ்புக்தான் நீங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி. பையரின் காஸ்டிங் ஷீட்டை (விலைக் கணக்கை) மட்டும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

இனி பிஎஃப். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எனக்கு அதிகம் செலவு வைத்தது இதுதான்.

2014-ல் முதல் கம்பெனியை விட்டபோது, பிஎஃப் பணத்தோடு பென்ஷன் பணத்தையும் எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டினேன். மூன்று வருஷ சர்வீஸ் அதோடு போச்சு. நமக்காகக் கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது, அதுவும் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான். மாதம் 1,250 ரூபாய். 10 வருஷம் சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன். கணக்கு இதுதான்: பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000-த்தில் ஒரு வருஷத்துக்கு 214 ரூபாய். அந்த பைக் எனக்கு ஆயுசு முழுக்க மாதாமாதம் பென்ஷனில் பிடிக்கப் போகிறது. பைக்கை விற்று ஆறு வருஷம் ஆகிறது.

இரண்டாவது கம்பெனியில் நான்கு வருஷம், மூன்றாவதில் ஏழு. இரண்டும் சேர்ந்தால் பத்தைத் தாண்டும், தனித்தனியாக நின்றால் தாண்டாது. பாஸ்புக்கைத் திறந்தால் இரண்டாவது கணக்கு மாற்றப்படாமலே கிடந்தது. காரணம், 2018-ல் நான் விட்டு வந்த தேதியை அவர்கள் ஏற்றவே இல்லை. நேரில் போனேன். அக்கவுன்ட்ஸில் இருந்த அக்கா, "அப்ப இருந்தவங்க யாருமே இப்ப இல்லீங்களே" என்றார். நீங்கள் அலைய வேண்டாம். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால், பிஎஃப் உறுப்பினர் இணையதளத்தில் உங்கள் 12 இலக்க யுஏஎன் எண்ணோடு (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) உள்ளே போய் 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' என்பதில் தேதியை நீங்களே போடலாம். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓடிபி வரும். ஒரு முறை போட்ட தேதியைத் திருத்துவது பெரும்பாடு, அதனால் கடைசிச் சம்பளம் எந்த மாதம் என்று பாஸ்புக்கில் பார்த்துவிட்டுப் போடுங்கள். டீக்கடையில் நின்றபடி பத்து நிமிஷத்தில் முடித்தேன். எப்போதோ செய்திருக்கலாம்.

ஆதாரிலும் பிஎஃப்பிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் என்று இருந்தாலே சிக்கும். வேலையில் இருக்கும்போதே சரிசெய்துவிடுவது நல்லது. விட்டுப் போன பிறகு பழைய ஆபீஸில் உங்கள் போனை எடுக்கவே ஆள் இருக்காது. பணம் அவசரம் என்றாலும் கணக்கை மாற்றிவிடப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து வருஷம் ஆவதற்குள் எடுத்து, தொகை 50,000-த்தைத் தொட்டால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். மாற்றியிருந்தால் பழைய கம்பெனிக் காலமும் அந்த ஐந்தில் சேரும்.

கிராஜுவிட்டி எனக்கு 60,577 ரூபாய் வந்தது. அடிப்படைச் சம்பளம் 15,000, அதை 26-ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்கி, ஏழு வருஷத்தால் பெருக்கினால் அவ்வளவுதான். 42,000-மும் அடிப்படைச் சம்பளமாகக் கணக்கில் ஏறியிருந்தால் 1,69,615. கவரில் வாங்கிய பணத்தின் முழு விலை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்து வருஷம் முடிய சில மாதம் இருக்கும்போது கிளம்புகிறீர்களா? நான்கு வருஷம் முடித்து ஐந்தாவதில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததுண்டு. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

வருமான வரி பற்றி: வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள் இருந்ததால் புதிய முறையில் எனக்குத் தொல்லை இல்லை. அதற்கு மேல் வாங்குபவர்கள் பழைய கம்பெனியில் ஏப்ரலிலிருந்து வாங்கிய கணக்கைப் புதிய இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

புது ஆபீஸில் முதல் நாள் ஒரு கத்தைப் படிவம் நீட்டுவார்கள். அதில் ஃபார்ம் 11 என்று ஒன்று இருக்கும். ஏற்கெனவே பிஎஃப் உண்டா என்ற இடத்தில் 'ஆம்' போட்டு பழைய யுஏஎன்னை எழுதுங்கள். அவசரத்தில் 'இல்லை' என்று டிக் போட்டு இரண்டாவது யுஏஎன் வாங்கிக்கொண்டு அல்லாடிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். நான் எழுதிவிட்டு, எச்.ஆர். எதிரிலேயே போனைப் பார்த்து இலக்கங்களை எண்ணினேன். "பன்னெண்டு இருக்குங்க சார்" என்று அவர் சிரித்தார். அடுத்த மாதம் பாஸ்புக்கில் மூன்றாவது கம்பெனிக்குக் கீழே பெருந்துறை ஆலையின் பெயர் ஏறியிருந்தது.