பெற்றோரைப் பிரிந்து வந்த அகதிப் பிள்ளையிடம் விவரம் எடுப்பது எப்படி?

கொழும்பில் இப்படியொரு பிள்ளையை முதலில் சந்திப்பவர் அதிகாரியாகத்தான் இருப்பார் என்றில்லை. பள்ளிவாசல் நிர்வாகியாக இருக்கலாம், ட்யூஷன் ஆசிரியராக இருக்கலாம், உருது தெரிந்த பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவர் அன்று கொப்பியில் எழுதுவதை வைத்துத்தான் பின்னால் தேடுதல் நடக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்று தெரிந்த ஊர்ப்பெயர் அடுத்த வருடம் மறந்து போகலாம்.

எதற்கும் முன் 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், 24 மணி நேரமும் இயங்கும். இரக்கப்பட்டுப் பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். வைத்துக்கொண்டால் பிள்ளை இருக்கும் இடம் எந்தப் பதிவிலும் வராது, தேடி வரும் தாய்க்கு வழியும் இராது. பராமரிப்பு யாரிடம் என்பதை நன்னடத்தை அலுவலர் (சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் அரச அலுவலர்) ஊடாக நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். "இவர்களுக்கு இங்கே சட்டமில்லை" என்று யாராவது கையை விரித்தால் ஒரு பதில் இருக்கிறது. இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேரவில்லைதான். ஆனால் 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சாசனத்தின் 22ஆம் உறுப்புரை, அகதிப் பிள்ளையைப் பாதுகாப்பதையும் பெற்றோரைத் தேட உதவுவதையும் கடமையாக்குகிறது.

குளிக்க வைப்பதற்கு முன் உடம்பையும் உடுப்பையும் பாருங்கள். 2022இல் உக்ரேனில் ஒரு தாய் தன் மகளின் முதுகில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பேனையால் எழுதிவைத்தார். சட்டைக் கொலர், இடுப்புப் பட்டி, பையின் உள்தையல் எல்லாவற்றிலும் எழுத்தோ துண்டுக் கடதாசியோ இருக்கலாம். முதலில் படமெடுங்கள், பிறகு கழுவுங்கள். கந்தல் என்று எதையும் எறிய வேண்டாம்.

கூட வந்தவர்கள் யாரென்று பார்ப்பது அடுத்தது. பெரியவர் எவருமின்றி வந்த பிள்ளை வேறு, பெற்றோரில்லாமல் சித்தியோடோ மாமாவோடோ வந்த பிள்ளை வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், "தனியாக வந்த பிள்ளை" என்று சித்தியிடமிருந்தும் பிரித்துவிடுவார்கள். சகோதரங்கள் ஒவ்வொருவருக்கும் தனித் தாள் எழுதி, ஒன்றில் மற்றவரின் பெயரைக் குறித்து, சேர்த்தே கட்டி வையுங்கள்.

கதைக்கும்போது பிள்ளை நம்பும் ஓர் ஆள் அருகில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பவர் அதே படகிலோ அதே முகவரோடோ வந்தவராக இருக்கக் கூடாது. அவருக்குப் பயந்து பிள்ளை பாதியை விழுங்கிவிடும். "தெரியாது என்றும் சொல்லலாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களைத் திருப்திப்படுத்த ஒரு பதில் வரும், அது தேடலைக் கெடுக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். எழுதியதை அடுத்த அலுவலகத்துக்குக் கொடுங்கள், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். "அம்மா கட்டாயம் வருவா" என்ற வாக்கும் வேண்டாம்.

பெயரில்தான் அதிகம் பிழை வரும். தமிழ்ப் பிள்ளைக்கு முதலெழுத்துப் போதாது, "க." என்பது கந்தையாவும் ஆகலாம், கணேசனும் ஆகலாம். தகப்பனின் முழுப்பெயர், தாயின் பெயர், இரு பக்கத்துத் தாத்தாக்களின் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் எல்லாம் வேண்டும். மியன்மாரின் ரோஹிங்கியா முஸ்லிம்களிடம் பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது, எனவே அண்ணனும் தம்பியும் தாளில் அந்நியர் போலத் தெரிவார்கள். தமிழில் மட்டும் எழுதினால் ஒலிகள் கலந்துவிடும், ஆதலால் ரோமன் எழுத்திலும், பிள்ளைக்கு எழுதத் தெரிந்தால் அதன் கையாலும் எழுதி வாங்குங்கள். ஆப்கான் பிள்ளை 1392இல் பிறந்தேன் என்றால் சிரிக்க வேண்டாம். அவர்கள் நாட்காட்டியில் அது 2013 மார்ச் முதல் 2014 மார்ச் வரையான வருடம். சொன்னதை அப்படியே எழுதி, கணக்கைப் பக்கத்தில் போடுங்கள்.

முகவரி கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியைக் கேளுங்கள், தாளில் கீறச் சொல்லுங்கள், கீறுவதைத் திருத்தாதீர்கள். சந்தை, ஆறு, பள்ளிவாசல், பக்கத்து ஊர்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். ஊர்ப்பெயர் தனியாக உதவாது. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. தொலைபேசி இலக்கத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை, போனைக் கையில் கொடுத்தால் விரல் பழக்கத்தில் அமர்த்திவிடும். அதை எழுதிக்கொள்ளுங்கள், உடனே அழைத்துவிடாதீர்கள். மறுமுனையில் ஆட்கடத்துபவர் இருக்கலாம், பெற்றோர் ஒளிந்திருக்கவும் கூடும். தப்பி வந்த நாட்டின் தூதரகத்துக்கு நீங்களாகவே அறிவிப்பது எல்லாவற்றிலும் ஆபத்தான காரியம்.

பிள்ளையின் படத்தை பேஸ்புக்கிலோ வட்ஸ்அப் குழுவிலோ போட வேண்டாம், படத்தோடு வதந்தியும் பரவும். 2004 சுனாமிக்குப் பின் கல்முனையில் "81ஆம் இலக்கக் குழந்தை" என்று அறியப்பட்ட சிசுவை ஒன்பது குடும்பங்கள் கேட்பதாக உலகமெங்கும் செய்தி போனது. முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதிதான். 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனைக்குப் பிறகே பிள்ளை அவர்கள் கைக்குப் போனது.

தேடும் கோரிக்கையை இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தில் கொடுக்கலாம். தலைமையகம் கொழும்பு 7, தர்மபால மாவத்தையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவர் சம்மதிக்காமல் அவர் முகவரியைத் தர மாட்டார்கள், அதற்காகக் கோபப்பட வேண்டாம். செஞ்சிலுவை வழியாகக் குடும்பத்துக்குக் கடிதம் அனுப்புவதென்றால் உறை ஒட்டாமல், குடும்பச் செய்தி மட்டும். அரசியலைத் தொட்டால் நின்றுவிடும்.

யாராவது "என் பிள்ளை" என்று வந்தால், இரு பக்கமும் தனித்தனியாக ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். அதற்காகவே தழும்பு, வீட்டுப்பெயர், ஆட்டுக்குட்டியின் நிறம் போல இரண்டு மூன்று விவரங்களை வெளியே சொல்லாமல் வையுங்கள். போக விருப்பமா என்று பிள்ளையிடமும் கேளுங்கள். தாளின் ஒரு பிரதி நன்னடத்தை அலுவலரின் கோப்பில் இருக்கட்டும். பிள்ளையை வேறு இல்லத்துக்கு மாற்றும் நாளிலேயே புதிய முகவரி செஞ்சிலுவைக்கும் போக வேண்டும். உங்கள் போன் இலக்கம் மாறினாலும் அறிவியுங்கள்.