குளிசைப் போத்தல் வாங்க முன் எடுக்கவேண்டிய அளவுகள்

நீரிழிவு, பிரஷர், சிறுநீரக நோய் மூன்றும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. "கால் விறைக்குது, கண் மங்குது" என்று ஒருவர் ஓபிடி வரிசையில் நிற்கும்போது சீனி பல வருடங்களாக ஏறிக்கிடந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் மல்ட்டிவிட்டமின், மீன் எண்ணெய், மூலிகைத் தூள் எல்லாம் விலைப்படுகின்றன. அளந்து பார்க்காமல் விழுங்கும் குளிசையால் பெரும்பாலும் பணம்தான் போகும், சில வேளை சிறுநீரகமும் போகும். ஆகவே முதலில் அளவுகள், பிறகு குளிசை.

எங்கே போவது?

35 வயதைத் தாண்டியவர்களுக்காகவே அரச வைத்தியசாலைகளில் எச்.எல்.சி. எனப்படும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இயங்குகின்றன. காசு இல்லை. உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல் பார்த்து, வாயையும் சோதித்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்பு அல்லது பாரிசவாதம் வரும் வாய்ப்பை ஓர் அட்டவணையில் கணித்துச் சொல்வார்கள். திருகோணமலை நகரத்தில் இருந்தாலும் மூதூர், கிண்ணியா, நிலாவெளி, தம்பலகாமம் பக்கம் இருந்தாலும், கிளினிக் நடக்கும் நாளை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலோ முதலே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நாளும் எல்லா இடத்திலும் நடக்காது. பழைய ரிப்போர்ட்டுகளையும், வீட்டில் பாவிக்கிற எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆயுர்வேதத் தூள், ஜிம்மில் தந்த புரோட்டீன் டப்பா எல்லாம் அதில் அடக்கம்.

வெறும் வயிறு என்றால்

கடைசியாகச் சாப்பிட்டு எட்டு மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குள் சாப்பாட்டை முடித்தால் காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுக்கலாம். தண்ணீர் குடிக்கலாம். சீனி போடாத பிளேன்ரீயும் வேண்டாம். வெற்றிலை, சிகரெட், காலை நடை எல்லாவற்றையும் இரத்தம் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் இது பிழைக்கிற இடங்கள் வேறு. இராத் தொழிலுக்குப் போய் விடியக் கரை திரும்புகிறவர் மூன்று மணிக்குப் படகில் குடித்த சீனித் தேத்தண்ணியைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர் தொழிலுக்குப் போகாத நாளில் வருவதே நல்லது. நோன்பு மாதத்தில் விடியமுன் ஸஹர் சாப்பிட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுத்தால் அது வெறும் வயிற்றுச் சீனி ஆகாது. ஸஹர் முடிந்த நேரத்திலிருந்து எட்டு மணித்தியாலம் எண்ண வேண்டும், அல்லது பெருநாள் கழியட்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருந்து ஏழாம் நாள் சோதித்தால் சீனி அழகாகத்தான் வரும். அது வருடத்தின் மற்ற நாட்களைச் சொல்லாது. சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைக் குறைப்பதும் இதே ஏமாற்றுத்தான். வழமையாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்துப் போகும் லாப் என்றால், குழாய் எவ்வளவு நேரத்தில் லாப்புக்குப் போகும் என்று கேளுங்கள். எடுத்த இரத்தத்திலுள்ள குளுக்கோஸை இரத்த அணுக்களே தின்றுகொண்டிருக்கும். வெயிலில் இரண்டு மூன்று மணித்தியாலம் சுற்றிய குழாய் உண்மையான அளவை விடக் குறைத்தே காட்டும். விரல் குத்தும் மெஷினிலும் கவனம் வேண்டும். மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் சீனி ஏறிக் காட்டும். ஸ்ட்ரிப் போத்தலைத் திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும். இந்த மெஷின் கண்காணிக்க நல்லது. வருத்தம் இருக்கிறதா என்று தீர்மானிக்க நாளத்தில் எடுத்த இரத்தம் வேண்டும்.

பிரஷர்

படியேறி வந்த கையோடு அளக்க விடாதீர்கள். ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து, கால் தரையில் படும்படி, பேசாமல் இருங்கள். அதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்தே தேத்தண்ணி, புகை வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வாருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசையில் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் கூடிக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினாலும், சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டினாலும் எண் பிழைக்கும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை அளக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் 140/90 வந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. ஏழு நாள் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை வீட்டில் அளந்து, முதல் நாளை விட்டு மிச்சத்தின் சராசரியைப் பாருங்கள். 135/85ஐத் தொட்டால் அது உண்மையான பிரஷர். 180/120க்கு மேல் வந்து, கூடவே நெஞ்சு வலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் வீட்டுக் கணக்கு வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

எண்களை வாசிப்பது

வெறும் வயிற்றுச் சீனி (மி.கி./டெசிலீற்றர் அளவில்) 100க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126 அல்லது அதற்கு மேல் வந்து, இன்னொரு நாளும் அப்படியே வந்தால் நீரிழிவு. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனை என்றால் 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 முதல் நீரிழிவு. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டலாம்; தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயும் அண்மையில் ஏற்றிய இரத்தமும் அதைக் குழப்பும். ஆகவே முதல் தடவை ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் எண்) நமக்கு 23லேயே எச்சரிக்கை. 25 வரை பரவாயில்லை என்பது வெள்ளைக்காரரின் அளவு. இடுப்பு இன்னும் நேர்மையான சாட்சி: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர். சாரம் கட்டும் இடத்தில் அளக்கக்கூடாது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும்.

சீனியோ பிரஷரோ இருப்பவர் வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரகம் வடிக்கும் கழிவான கிரியற்றினினை இரத்தத்திலும், கசியும் புரதத்தைக் காட்டும் அல்புமின்–கிரியற்றினின் விகிதத்தைச் சிறுநீரிலும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீரிழிவால் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். கிராமுக்கு 30 மி.கி.க்குக் கீழ் இருந்தால் சரி. காய்ச்சலோ மாதவிடாயோ இருக்கும் நாளில் இதைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக வந்தவர் சீனியை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் பிரஷரை வருடா வருடமும் பார்த்தால் போதும். எல்லைக்கோட்டில் நிற்பவர் இரண்டையும் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு எம்.ஓ.எச். கிளினிக்கில் 35, 45 வயதுகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை இலவசம். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போங்கள். வெற்றிலை போடுகிறவர்கள், ஆண்கள் முக்கியமாக, மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காமை, உறைப்புப் பட்டால் எரிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குளிசைக்கு வருவோம்

சத்துக் குளிசை குறையை நிரப்பும். குறை இல்லாதவரை நோயிலிருந்து காக்கும் என்பதற்குச் சான்று மெலிவு. அமெரிக்காவில் 25,871 பேருக்குச் சுமார் ஐந்து வருடம் விட்டமின் டி 2000 ஐயூ, ஒமேகா–3 ஒரு கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரண்டுமே புற்றுநோயையும் மாரடைப்பு, பாரிசவாதத்தையும் மொத்தமாகக் குறைக்கவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் என்ற அன்ட்டிஒக்சிடன்ட் சத்தைக் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994இல் வந்த முடிவு அது. புகைப்பவர் "அன்ட்டிஒக்சிடன்ட்" போத்தல் வாங்காமல் இருப்பதே லாபம்.

உண்மையில் தேவைப்படுகிறவர்கள் வேறு. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண் முன்பிருந்தே போலிக் அமிலம் எடுக்க வேண்டும், நாளுக்கு 400 மைக்ரோகிராம், கிளினிக்கில் கேளுங்கள். மெட்போமின் என்ற சீனிக் குளிசையைப் பல வருடம் போடுகிறவருக்கும் மீனும் முட்டையும் தொடாத சைவருக்கும் பி12 குறையலாம். அந்தக் கால் விறைப்பைச் சீனியின் தலையில் போட்டுவிடுவது வழக்கம், பி12ஐ அளந்து பாருங்கள். இரும்புக் குளிசை தேத்தண்ணியோடு போனால் பாதிப் பயன் வீண். இரண்டு மணித்தியாலம் தள்ளி, தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். கல்சியத்தையும் அதே நேரம் போடாதீர்கள். மலம் கறுப்பது இயல்பு. ஆனால் உடம்பில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் பெரிற்றின் சோதனை பார்க்காமல் இரும்பு தொடங்க வேண்டாம்; தலசீமியாக் கடத்திகளும் இரத்தசோகைக்காரர் போலவே தோன்றுவார்கள், அவர்களுக்கு இரும்பு சேர்வது கெடுதி.

விட்டமின் டியில் நடக்கும் பெரும் பிழை, வாரம் ஒன்று போடவேண்டிய 50,000 ஐயூ குளிசையை நாளுக்கு ஒன்றாகப் போடுவது. வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு இரத்தக் கல்சியம் பாருங்கள். வைத்தியர் சொல்லாமல் நாளுக்கு 4000 ஐயூவைத் தாண்டக்கூடாது. போத்தலில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு கணக்கு: மூன்று கரண்டிச் சீனியோடு ஐந்து தேத்தண்ணி என்றால் நாளுக்கு 60 கிராமுக்கு மேல். அதை நிறுத்துவது எந்தக் குளிசையிலும் பெரிது. மீன் எண்ணெய்க் காசுக்குச் சூடை மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள். கருவாட்டை ஊறவிட்டுத் தண்ணியை ஊற்றிய பிறகே சட்டியில் போடுங்கள், பிறகு உப்புச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, சீனி குறையும் என்று வெறும் வயிற்றில் காமரங்காச் சாறும் பிலிம்பிச் சாறும் குடிக்கும் பழக்கம். இரண்டிலும் ஒக்சலேற்று மிக அதிகம். அது சிறுநீரகத்தில் படிந்து திடீரெனச் செயலிழக்கச் செய்த சம்பவங்கள் இலங்கையிலேயே பதிவாகியுள்ளன. ஏற்கெனவே சிறுநீரக நோயுள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூட. குடித்த பிறகு விக்கல் நிற்காவிட்டால், வாந்தி வந்தால், சிறுநீர் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் எத்தனை காய், எப்போது குடித்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.