கையால் பாடி கட்டிய பழைய பென்ட்லி: வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தைப் புரியவைப்பது சுலபம். கம்பெனியிலிருந்து எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேஸிஸ் வரும். மேலே உட்காரும் பாடியை வேறொரு பட்டறை கட்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் இங்கிலாந்தின் மிக உயர்ந்த விலைக் கார்கள் இப்படித்தான் உருவாயின. 1946-இல் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ரெய்த் வந்தபோது க்ரூ நகரத் தொழிற்சாலை கொடுத்தது சேஸிஸ்தான். பாடிக்கு ஹூப்பர், பார்க் வார்ட், ஜேம்ஸ் யங், எச்.ஜே. முல்லினர் போன்ற பட்டறைகளில் ஒன்றிடம் போக வேண்டும்.

அந்தக் கால வண்டிகளில் சேகரிப்பாளர்கள் அதிகம் துரத்துவது, அதே க்ரூ தொழிற்சாலையிலிருந்து வந்த பென்ட்லி ஆர் டைப் கான்டினென்டலை. 1952 முதல் 1955 வரை, முன்மாதிரியையும் சேர்த்து மொத்தமே 208 வண்டிகள். அவற்றில் 193-க்குப் பாடி கட்டியது எச்.ஜே. முல்லினர். மிச்சத்தைப் பார்க் வார்ட், பிரான்சின் ஃபிரானே, சுவிட்சர்லாந்தின் கிராபர் போன்றவர்கள் கட்டினார்கள். கூரையிலிருந்து டிக்கி வரை ஒரே சரிவாக இறங்கும் முல்லினர் பாடிதான் படங்களில் நாம் அடிக்கடி பார்ப்பது. இன்று அதன் விலை பல கோடி ரூபாய். இந்த வண்டிகளை வயசு கெடுத்ததைவிட, பளபளவென்று புதுசாக்கிக் காட்ட ஆசைப்பட்டவர்கள் கெடுத்தது அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் தவறு, உருவத்தைப் பார்த்து நம்பிவிடுவது. சாதாரண ஆர் டைப் என்று ஒன்று உண்டு. தொழிற்சாலையே இரும்புத் தகட்டுப் பாடியோடு விற்றது, இரண்டாயிரத்துக்கும் மேல் வந்தது. அதற்கும் கான்டினென்டலுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் ஒன்றுதான், 120 அங்குலம். அதனால் சாதாரண வண்டியின் பாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சரிந்த கூரையோடு புதுப் பாடி கட்டி ஏற்றிவிட முடியும். அப்படிக் கட்டியதை அப்படியே சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் சிக்கல்.

அசல் கான்டினென்டலின் சேஸிஸ் எண் பிசி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். பிறகு ஒரு எண், கடைசியில் ஏ முதல் இ வரை ஏதாவது ஒரு வரிசை எழுத்து. இடது கை ஓட்ட வண்டியாக இருந்தால் நடுவில் எல் வரும். 13 என்ற எண்ணை எந்த வரிசையிலும் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரனுக்கும் ராசி பார்க்கும் பழக்கம் உண்டு. யாராவது 13-ஆம் எண்ணைக் காட்டினால் பேச்சை வளர்க்காமல் நடையைக் கட்டலாம். எண்ணை மட்டும் பார்த்தாலும் போதாது. கான்டினென்டலின் ரேடியேட்டர் உயரம் குறைவு, பின் ஆக்சில் விகிதம் (பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) 3.077. இவையும் ஒத்துப்போக வேண்டும்.

ஏலக் காலத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி, 'எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒன்றா?' என்பது. இந்த வண்டிக்கு அது பொருந்தாத கேள்வி. இரண்டும் தனித்தனி எண்கள். எந்த சேஸிஸில் எந்த எஞ்சினை வைத்து அனுப்பினார்கள் என்று தொழிற்சாலை எழுதி வைத்த பதிவோடு ஒப்பிடுவதுதான் முறை. அந்தப் பழைய ஆவணங்கள் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பரி என்ற ஊரில் உள்ள ஹன்ட் ஹவுஸில் பாதுகாக்கப்படுகின்றன. முதலில் வாங்கியவர் யார், பாடி கட்டியது யார், எப்போது ஒப்படைத்தார்கள் என்பதெல்லாம் அங்கிருந்து நகலாகக் கிடைக்கும். வண்டியின் விலையோடு பார்த்தால் அந்த நகலுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. அதை வாங்காமலே முன்பணம் கொடுப்பவர்களை என்ன சொல்ல!

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முல்லினர் என்ற பெயரில் மூன்று தனித்தனி நிறுவனங்கள் இருந்தன: லண்டன் சிஸ்விக்கில் எச்.ஜே. முல்லினர், நார்தாம்ப்டனில் ஆர்தர் முல்லினர், பர்மிங்ஹாமில் முல்லினர்ஸ். விளம்பரத்தில் வெறுமனே 'முல்லினர் பாடி' என்று போட்டிருந்தால் எந்த முல்லினர் என்று கேளுங்கள்.

அடுத்தது காந்தம். பழைய கார் வாங்கப் போகிறவர் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போவது வழக்கம். ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். இங்கே அந்த வித்தை செல்லாது. முல்லினர் பாடி அலுமினியத் தகட்டால் ஆனது, காந்தம் எங்குமே ஒட்டாது. இரும்புக்கு மட்டும் வேலை செய்யும் பெயின்ட் கனமானியும் உதவாது. அலுமினியத்திலும் அளக்கக்கூடியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

'அலுமினியம்தானே, துருப்பிடிக்காது' என்று நிம்மதியாக இருப்பதும் ஆபத்து. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். கதவின் கீழ் விளிம்பு, மட்கார்டு திருகியிருக்கும் இடம், பம்பர் தாங்கிகளைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றை வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தால், நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளைப் பொடி வரும். அதன்மேல் பட்டி பூசி அடித்த பெயின்ட் கொஞ்ச நாளில் மறுபடி எழும்பும். தகட்டைக் கழற்றி, இரண்டு உலோகமும் தொடாதபடி நடுவில் தடுப்பு வைத்துப் பொருத்துவதுதான் தீர்வு. பெயின்டை எடுக்க மணல் பீய்ச்சச் சம்மதிக்கவே கூடாது. மெல்லிய அலுமினியம் அந்த வேகத்தில் நெளிந்துவிடும். நெளிந்த கூரையை எந்த டிங்கராலும் பழைய வளைவுக்கு முழுசாகக் கொண்டுவர முடியாது.

கான்டினென்டலில் தகட்டுக்குப் பின்னால் இருப்பது இலகு உலோகச் சட்டம். சில்வர் ரெய்த் போன்ற வண்டிகளில் பெரும்பாலும் ஆஷ் மரச்சட்டம். மரம் உளுத்ததா என்று கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும். பாதி திறந்த கதவின் நுனியைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம், அது சின்ன வேலை. கீலோடு சேர்ந்து தூணே அசைந்தால் உள்ளே மரம் போய்விட்டது. அந்தச் செலவு வண்டி வாங்கிய செலவோடு போட்டி போடும். கீலுக்கு அடியில் வாஷர் வைத்து நிமிர்த்திய கதவைக் காட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு.

சரி, பட்டறைக்கு வந்தாயிற்று. இங்கே நடக்கும் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிப் பெட்டியில் கொட்டிவிடுவது. இது கையால் தட்டிப் பொருத்திய வண்டி. ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வண்டிகளின் போனட்டை மாற்றி வைத்தால் உட்காராது; குரோம் பட்டைகூட இடது, வலது என்று மட்டுமல்ல, அந்த வண்டிக்கென்றே அளவெடுத்தது. கழற்றும் முன் படம், கழற்றியதும் ஒரு துண்டுச்சீட்டு, அதில் எந்த இடத்து உறுப்பு என்ற குறிப்பு. உட்பக்கப் பலகைகளின் பின்புறத்தில் பட்டறைக்காரர்கள் பாடி எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். அதை வழித்துத் துடைத்துவிட்டால் ஒரு சாட்சி போயிற்று. உளுத்த மரத்துண்டு, அரித்த தகடு எதையும் புது உறுப்பு பொருந்தி முடியும் வரை தூக்கி எறியக் கூடாது, அதுதான் அச்சு.

உட்புறத் தோலையும் இப்படித்தான் இழக்கிறார்கள். எழுபது வருடத் தோலில் சுருக்கம் இருக்கத்தான் செய்யும். தையலும் அடிப்பஞ்சும் பலமாக இருந்தால் சுத்தம் செய்து எண்ணெய்ப் பதம் கொடுத்தால் போதும். புதுத்தோலை எப்போது வேண்டுமானாலும் போடலாம், பழசைத் திரும்பப் போட முடியாது.

எஞ்சின் பக்கம் வந்தால், நம்மூரில் உறைபனி இல்லையே என்று ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு எமன். அடியில் இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட். அரிப்பைத் தடுக்கும் கூலன்ட் வருடம் முழுக்க வேண்டும். தண்ணீர் ஓடும் வழியில் சேறு படிவது கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான். சூடேறும் வண்டிக்கு ரேடியேட்டரை மட்டும் மாற்றிவிட்டுக் காரணம் புரியாமல் நிற்பவர்கள் அந்த இடத்தைக் கழுவிப் பார்க்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றித் தெரியாமல் வண்டியை எடுக்கக் கூடாது. முன்னால் ஹைட்ராலிக், பின்னால் கம்பி இழுப்பு. மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்க, கியர்பாக்ஸ் பக்கத்தில் சுழலும் ஒரு உராய்வு சர்வோ. வண்டி ஓடினால்தான் அது சுழலும். வேகத்தில் மிதித்தால் உடனே பிடிக்கும். நடக்கும் வேகத்தில் ஒரு கணம் தாமதித்துப் பிடிக்கும். நின்ற வண்டியில் உதவியே இருக்காது. நெரிசலில் முன் வண்டியை ஒட்டி ஊர்ந்தால் பம்பர் முத்தம் நிச்சயம். அப்புறம், காலடியில் இருக்கும் சின்ன எண்ணெய்ப் பெடல். அதை மிதித்தால் சேஸிஸின் மூட்டுகளுக்கெல்லாம் குழாய் வழியாக எண்ணெய் போகும். சுமார் 100 மைலுக்கு ஒருமுறை மிதிக்க வேண்டும். மிதித்தும் மூட்டுகள் காய்ந்தே இருந்தால் வழியில் அடைப்பு என்று அர்த்தம்.

கடைசியாக எடை. பொறியாளர் ஐவன் எவர்ண்டன், வடிவமைப்பாளர் ஜான் பிளாட்ச்லி ஆகியோர் இந்த வண்டியை உருவாக்கும்போது சுமார் 1,700 கிலோவுக்குள் நிறுத்தப் பாடுபட்டார்கள். காரணம், மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் அதைவிடக் கனமான காரை அன்றைய டயர்கள் தாங்காது. அதற்காகவே இலகுவான இருக்கைகள், அலுமினிய ஜன்னல் சட்டங்கள். வாங்கியவர்களோ மெத்தென்ற கனமான இருக்கை கேட்டார்கள், எடை ஏறியது, 1954-இல் எஞ்சினையும் 4,566 சிசியிலிருந்து 4,887-க்குப் பெரிதாக்கினார்கள். இன்று ஏசி, சத்தத்தடுப்புப் பாய், பெரிய ஸ்பீக்கர் என்று ஏற்றுபவர்கள் அதே வேலையைத்தான் தொடர்கிறார்கள். ஏசி இல்லாமல் முடியவே முடியாது என்றால், தகட்டில் புதிதாக ஓட்டை போடாமல், நாளைக்குக் கழற்றும்படி வைக்கத் தெரிந்த பட்டறையாகத் தேடிப் பிடியுங்கள்.